வார்த்தை நோட்டுக்குக் கீழே நிற்கவில்லையா? மியூஸ்கோரில் தமிழ்ப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு

கார்த்திகை மழை பிடித்ததும் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கல்குளம் பக்கத்து ஆலயங்களில் கேரல் பயிற்சி தொடங்கிவிடும். கூடவே, கணினியில் இசைத் தாள் எழுதும் மியூஸ்கோர் மென்பொருளைப் பற்றி எனக்கு போன் வரவும் தொடங்கிவிடும். "நோட்டெல்லாம் சரியா அடிச்சாச்சு, வார்த்தை மட்டும் எங்கயோ போய் நிக்குது" என்பதுதான் பாதிப் பேருடைய புகார். போனில் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் திரையில் தெரியும் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். நான் வைத்திருப்பது விண்டோஸில் மியூஸ்கோர் 4. மியூஸ்கோர் 3 வைத்திருப்பவர்களுக்கும் விசைகள் பெரும்பாலும் இவைதான்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மியூஸ்கோரில் எழுத்து ஒரே வகை அல்ல. லிரிக்ஸ் என்பது ஒரு நோட்டில் தொங்குவது. நோட் நகர்ந்தால் அதுவும் நகரும். ஸ்டாஃப் டெக்ஸ்ட் ஒரு ஸ்டாஃபில், அதாவது நோட் எழுதும் ஐந்து கோட்டில், ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிஸ்டம் டெக்ஸ்ட் எல்லாக் குரலுக்கும் பொது. ஃபிரேமுக்குள் எழுதுவதற்கு இசையோடு ஒட்டே கிடையாது. எந்த எழுத்தை எதில் தொங்கவிட வேண்டும் என்பதில் தவறும்போதுதான் பெரும்பாலான தொல்லை வருகிறது. அதை மவுஸால் இழுத்துச் சரிசெய்யப் போனால் தொல்லை இரட்டிப்பாகும். ஏற்கெனவே இழுத்து வைத்திருந்தால் அந்த எழுத்துகளைத் தேர்ந்து கண்ட்ரோல் + ஆர் தட்டுங்கள். தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

ஒரு பார் புதிதாகச் சேர்த்ததும் வார்த்தை எல்லாம் கலைந்துவிட்டது

பாட்டின் வரியை ஸ்டாஃப் டெக்ஸ்டாக ஒரே மூச்சில் அடித்து, நடுநடுவே ஸ்பேஸ் விட்டு நோட்டுக்கு நேரே கொண்டுவந்திருப்பீர்கள். அதைத் திருத்தி மீட்க வழி இல்லை, அழித்துவிடுங்கள். முதல் நோட்டைச் சொடுக்கி கண்ட்ரோல் + எல் தட்டினால் அதன் கீழே கர்சர் மின்னும். ஓர் அசை அடித்து, சொல் முடிந்தால் ஸ்பேஸ், சொல் தொடர்ந்தால் சின்னக் கோடு (ஹைஃபன்). இரண்டுமே அடுத்த நோட்டுக்குக் கொண்டுபோகும். ரெஸ்ட்டைத் தானாகவே தாண்டிக்கொள்ளும்.

நடுவில் எங்கிருந்தோ எல்லாம் ஒரு நோட் தள்ளிப் போயிருக்கிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம், எழுத்தை எண்ணியது. பாடும்போது எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, அசையை. "இயேசு" என்ற சொல்லைப் பாருங்கள். தாளில் இ, யே, சு என்று மூன்று எழுத்து. வாயில் இரண்டே அசை. கொயரில் யாரும் "இ" என்று தனியாக ஒரு நோட் பாடுவதில்லை. புதிதாக அடிப்பவர்கள் மூன்றாகப் பிரித்து மூன்று நோட்டுக்குப் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து கடைசி வரை எல்லாம் ஒன்று தள்ளும். நான் முதன்முதலில் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து எங்கள் பேஸ் பாடும் பெரியவர் ஒருவர், "மக்களே, இந்த 'இ'ய யாரு பாடணும்?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பாட்டு முழுவதையும் வாய்விட்டுப் பாடிப் பாடிப் பிரித்தேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

புள்ளி வைத்த எழுத்தும் இதே கதைதான். மெய்யெழுத்து தனி நோட்டில் நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டும். எங்-கள். நெஞ்-சம். போற்-று-வோம். கி-றிஸ்-து-வே. "ஸ்தோத்திரம்" மட்டும் முன்பக்கம் மெய்யோடு தொடங்கும், அதை ஸ்தோத்-தி-ரம் என்று பிரியுங்கள். தட்டுவதற்கு முன் கையால் தாளம் போட்டுப் பாடிப் பார்த்தால் எங்கே பிரிகிறது என்பது தானாகத் தெரியும்.

இரண்டாம் காரணம், சரண எண். "1." என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் அந்த எண்ணே முதல் நோட்டை எடுத்துக்கொள்ளும், முதல் அசை இரண்டாம் நோட்டுக்குப் போய்விடும். எண்ணுக்குப் பிறகு கண்ட்ரோல் + ஸ்பேஸ் தட்டுங்கள், மேக் என்றால் ஆப்ஷன் + ஸ்பேஸ். எண்ணும் முதல் அசையும் ஒரே நோட்டில் இருக்கும். எண்ணைச் சற்று இடப்பக்கம் ஒதுக்கி, அசையை நோட்டுக்கு நேராக வைக்கும் வேலையை மியூஸ்கோரே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, கை தவறி என்டர் தட்டியது. லிரிக்ஸில் என்டர் என்றால் அதே நோட்டுக்கு அடுத்த சரணம். ஓர் அசை மட்டும் கீழ் வரிக்கு இறங்கிக் கிடந்தால் இதுதான். அதைத் தேர்ந்து, ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் சரண எண்ணை மாற்றினால் மேலே ஏறிவிடும்.

தள்ளிப்போனது நாலைந்து அசை என்றால் கையால் திருத்துவதே சுருக்கம். பாட்டு முழுக்கத் தள்ளியிருந்தால் டூல்ஸ் மெனுவில் காப்பி லிரிக்ஸ் டு கிளிப்போர்ட் என்று இருக்கிறது. அதைச் சொடுக்கி, நோட்பேடில் ஒட்டி, அங்கே திருத்துங்கள். பிறகு பழைய வரியை அழித்துவிட்டுத் திருத்தியதைப் புதிதாக ஒட்டலாம். ஒட்டும் முறையைக் கீழே சொல்கிறேன்.

"வந்தோம்" என்று அடித்தால் "வந-தோம்" என்று விழுகிறது

தமிழ் 99 விசைப்பலகை பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் வருவது. கணினியை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு, மென்பொருளை அழித்து மறுபடி நிறுவியவர்களும் உண்டு. இரண்டிலும் குறை இல்லை.

தமிழ் 99-இன் பெரிய வசதி, புள்ளியைத் தானாகப் போடுவது. ந-வும் த-வும் அடுத்தடுத்து அடித்தால் "ந்த" வரும். ங-வும் க-வும் அடித்தால் "ங்க". ற இரண்டு தட்டினால் "ற்ற". பழகியபின் புள்ளி விசை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆனால் லிரிக்ஸில் ந-வுக்கும் த-வுக்கும் நடுவே கோடு வந்துவிடுகிறது, கர்சரும் அடுத்த நோட்டுக்குத் தாவிவிடுகிறது. முன்னால் ந இருந்ததை விசைப்பலகை அறியாது. புள்ளி விழாது. "எங-கள்", "நெஞ-சம்", "அம-மா" எல்லாம் இதனால் வருபவை.

ஒரு வழி, பிரிக்கும் இடத்தில் புள்ளியை நீங்களே போடுவது. ஆங்கில எஃப் இருக்கும் விசைதான் புள்ளி. அதைவிட நல்ல வழி, நோட்பேடில் பாட்டை முழுச் சொற்களாக அடித்துவிட்டு, பிறகு திரும்பி வந்து அசைக்கு அசை கோடு செருகுவது. புள்ளியெல்லாம் ஏற்கெனவே விழுந்திருக்கும். அடிக்கும் வேகத்துக்குப் பிரிக்கும் வேலை தடையாகவும் இராது.

எழுத்தோடு புள்ளிவட்டம் ஒன்று தெரிகிறது

கொம்போ காலோ சேர்வதற்கு எழுத்து இல்லாமல் தனியாக நிற்கிறது என்று அர்த்தம். தட்டச்சுப் பயிலகத்தில் பழைய முறையில் படித்தவர்களுக்குக் கொம்பை முதலில் அடிப்பது கைப்பழக்கம். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. "கோ" என்பதற்கு க அடித்து, அதன் பின் ஓகாரக் குறி. கோட்டைத் தவறான இடத்தில் செருகி, எழுத்தையும் அதன் குறியையும் பிரித்துவிட்டாலும் இதே வட்டம் வரும். அந்த அசையை மொத்தமாக அழித்து மறுபடி அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பாட்டை ஒட்டினால் வட்டம் வராது, ஆங்கில எழுத்தும் செமிகோலனுமாக வரும். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஸ்பேஸ் தட்டினாலும் கர்சர் நகரவில்லை

ஒலியியல் முறையில் அடிக்கிறீர்கள். நீங்கள் தட்டிய ஆங்கில எழுத்துகளைத் தமிழாக உறுதிசெய்யவே முதல் ஸ்பேஸ் செலவாகிவிடுகிறது. இன்னொரு முறை தட்டுங்கள். பாட்டு முழுக்க இப்படி இரட்டைத் தட்டு தட்டுவது சலிப்பு. இங்கேயும் நோட்பேடில் அடித்துக் கொண்டுவருவதே நல்லது. நோட் அடிக்கப் போகும்போது ஏ, பி, சி விசைகள் வேலை செய்யவில்லையென்றால் விசைப்பலகை இன்னும் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

ஒட்டினால் முழுச் சொல்லும் ஒரே நோட்டில் போய் விழுகிறது

ஒட்டும் முறை இது. நோட்பேடில் பிரித்து வைத்ததை காப்பி செய்யுங்கள். முதல் நோட்டில் கண்ட்ரோல் + எல். பிறகு கண்ட்ரோல் + வி தட்டத் தட்ட ஒவ்வோர் அசையாக விழுந்து கர்சர் தானே நகரும்.

அப்படி விழாமல் மொத்தமாக விழுந்தால் உங்கள் கோடு அசல் கோடு அல்ல. வேர்டில் அடிக்கும்போது அது சின்னக் கோட்டை நீளக் கோடாகத் தானே மாற்றிவிடுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மியூஸ்கோர் சின்னக் கோட்டில் மட்டுமே பிரிக்கும். நோட்பேடில் நீளக் கோட்டைத் தேடி எல்லாவற்றையும் சின்னக் கோடாக மாற்றுங்கள்.

இரண்டு சொல் சேர்ந்து ஒரே நோட்டில் விழுந்தால் நடுவில் இருப்பது பிரியாத இடைவெளி. இணையப் பக்கங்களிலிருந்து காப்பி செய்த பாட்டில் இது ஒளிந்திருக்கும். அந்த இடைவெளியை மட்டும் தேர்ந்து காப்பி செய்து, மாற்றும் பெட்டியில் ஒட்டி, சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிடலாம்.

ஓர் அசையை நாலு நோட்டுக்கு இழுக்கிறோம், வார்த்தை முன்னால் ஓடிவிடுகிறது

மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டு அடிப்பவர்களுக்கு இது அரிதாகத்தான் வரும். அங்கே மெட்டின் அளவுக்கு அசை எண்ணிப் பாட்டு கட்டியிருக்கும், பெரும்பாலும் நோட்டுக்கு ஓர் அசை. கீர்த்தனை அப்படி அல்ல. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலம் முதல் நம் ஆலயங்களில் பாடிவரும் கீர்த்தனைகள் கர்நாடக இசை வழியில் வந்தவை. பல்லவியின் கடைசி "ஏ" ஒன்றே ஐந்தாறு நோட் போகும். அந்த இழுப்பைத் தாளில் காட்டாவிட்டால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியாமல் நடுச்சொல்லில் எடுப்பார்கள்.

சொல்லின் கடைசி அசை இழுபடுகிறது என்றால் அந்த அசைக்குப் பின் ஸ்பேஸ் தட்டாமல் அடிக்கோடு (அண்டர்ஸ்கோர்) தட்டுங்கள். இழுபடும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தட்டு, அடுத்த அசை வரவேண்டிய நோட்டில் கர்சர் நிற்கும் வரை. அசைக்குப் பின்னால் ஒரு நீட்டல் கோடு கடைசி நோட் வரை ஓடும். சொல்லின் நடு அசை இழுபட்டால் அடிக்கோட்டுக்குப் பதில் சின்னக் கோட்டையே மறுபடி மறுபடி தட்டுங்கள். ஸ்பேஸ் தட்டித் தாண்டினாலும் கர்சர் நகரத்தான் செய்யும், ஆனால் நீட்டல் கோடு வராது. "கோடு காணோம்" என்று கேட்பவர்கள் எல்லாரும் செய்திருப்பது அதுதான்.

நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு, ஸ்லர், போட்டிருக்கிறேனே, தானாகத் தாண்டாதா என்று கேட்பார்கள். லிலிபாண்ட் என்ற இன்னொரு இசைத் தாள் மென்பொருளில் தாண்டும். மியூஸ்கோரில் நீங்கள்தான் தாண்ட வேண்டும். நீட்டல் கோடு உள்ள அசை நோட்டின் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒட்டித் தொடங்குவதைப் பார்த்துப் பிழை என்று நினைக்காதீர்கள். அச்சுப் புத்தகங்களிலும் வழக்கம் அதுதான்.

இரண்டு சொல் ஒரே நோட்டில் பாடவேண்டும்

"அன்பு என்" என்று தாளில் இருக்கும், வாயில் "அன்பென்" என்றுதான் வரும். சேர்த்தெழுதிவிட்டால் அன்-பென் என்று பிரித்து முடித்துவிடலாம். பாட்டுப் புத்தகத்தில் உள்ளபடியே சொற்கள் பிரிந்து தெரியவேண்டும் என்றால் நடுவில் கண்ட்ரோல் + ஸ்பேஸ். சேர்த்தெழுதுவதே பாடுகிறவர்களுக்குச் சுலபம் என்பது என் அனுபவம்.

எழுத்துரு மாற்றினேன், இரண்டாம் சரணம் மட்டும் மாறவில்லை

ஃபார்மேட் → ஸ்டைல் → டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய்ப் பாருங்கள். லிரிக்ஸ் ஆட் லைன்ஸ், லிரிக்ஸ் ஈவன் லைன்ஸ் என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். 1, 3, 5 ஒன்றில், 2, 4, 6 மற்றொன்றில். ஒன்றை மட்டும் மாற்றியிருப்பீர்கள். இரண்டிலும் ஒரே எழுத்துருவும் ஒரே அளவும் கொடுங்கள்.

இந்தப் பிரிவு நம் மாவட்டத்துக்கு ஒரு வசதியும் செய்து தருகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது. விளவங்கோடு பக்கத்தில் ஒரே மெட்டுக்குத் தமிழும் மலையாளமும் சேர்த்துப் பாடுகிற குழுக்கள் உண்டு. தமிழை முதல் வரியிலும் மலையாளத்தை இரண்டாம் வரியிலும் அடித்து, ஆட் லைன்ஸுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், ஈவன் லைன்ஸுக்கு நோட்டோ செரிஃப் மலையாளம் என்று கொடுத்துவிட்டால் இரண்டும் அதனதன் அழகில் நிற்கும். தனியாக எழுத்துரு இறக்க வசதி இல்லாவிட்டால் விண்டோஸிலேயே உள்ள நிர்மலா யூஐ இரண்டு மொழிக்கும் போதும்.

பார் எல்லாம் அகன்று, ஒரு வரிக்கு இரண்டு பார்தான் பிடிக்கிறது

தமிழ் அசை அகலமானது. "நெஞ்", "ஸ்தோத்" எல்லாம் ஒரு குவேவருக்குக் கீழே அடங்காது. இடம் கொடுக்கவே மியூஸ்கோர் நோட்டுகளை விலக்குகிறது. லிரிக்ஸ் அளவு இயல்பாக 10 புள்ளி இருக்கும், 9 ஆக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், வயதானவர்களுக்குக் கண் தெரியாது. சற்று ஒடுங்கிய எழுத்துருவும் உதவும். அதற்கும் மேலே இறுக்குவதைவிட, ஒரு பார் லைனைத் தேர்ந்து என்டர் தட்டி வரியை நீங்களே முறிப்பது நல்லது. பாட்டின் அடி முடியும் இடத்தில் முறித்தால் பாடுகிறவர்களுக்கு மூச்சும் கண்ணும் ஒரே இடத்தில் திரும்பும்.

மேல் வரியின் "கூ", "ழு" கீழ் வரியின் "கி" மேல் இடித்தால் ஸ்டைல் பெட்டியில் லிரிக்ஸ் பக்கத்தில் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்று சரணத்துக்கு மேல் நோட்டுக்கு அடியில் அடுக்கவேண்டாம். மீதியைப் பாட்டு முடிந்தபின் ஒரு டெக்ஸ்ட் ஃபிரேம் சேர்த்து, கோடு இல்லாமல் சாதாரணப் பாட்டாக எழுதிவிடலாம்.

ஆல்டோவுக்குத் தனி வார்த்தை, கர்சர் அங்கே நிற்கவே மாட்டேன் என்கிறது

சொப்ரானோவும் ஆல்டோவும் ஒரே ஸ்டாஃபில் இருந்தால் அவை வாய்ஸ் 1, வாய்ஸ் 2. எந்த வாய்ஸின் நோட்டிலிருந்து தொடங்கினீர்களோ அந்த வாய்ஸிலேயேதான் கர்சர் போகும். ஆல்டோவின் நோட்டை, காம்பு கீழ்நோக்கி இருப்பதை, சரியாகச் சொடுக்கிவிட்டு கண்ட்ரோல் + எல் தட்டுங்கள். சொப்ரானோவின் வார்த்தையைத் தேர்ந்து எக்ஸ் தட்டினால் ஸ்டாஃபுக்கு மேலே போய்விடும், கீழே ஆல்டோவுக்கு இடம் கிடைக்கும்.

"மெதுவாக" என்று எழுதினேன், டெனர் தாளில் வரவில்லை

கண்ட்ரோல் + டி (T) தட்டி எழுதியிருப்பீர்கள். அது ஸ்டாஃப் டெக்ஸ்ட், எந்தக் குரலில் எழுதினீர்களோ அந்தக் குரலுக்கு மட்டும். "ஆண்கள் மட்டும்", "இங்கே மூச்சு" போன்றவற்றுக்கு அது சரி. எல்லாரும் பார்க்கவேண்டிய "இரண்டாம் முறை மெல்ல" போன்றதை கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி தட்டி சிஸ்டம் டெக்ஸ்டாக எழுதுங்கள். பாகம் பிரித்து அச்செடுத்தாலும் ஒவ்வொரு தாளிலும் இருக்கும்.

வேகத்தை எழுதியும் ஒலி அதே வேகத்தில் ஓடினால் அதுவும் இந்த வகைத் தவறுதான். வேகத்துக்கு ஆல்ட் + ஷிஃப்ட் + டி. அங்கே குரோச்செட் = 72 என்று கொடுத்தால்தான் மென்பொருள் கேட்கும்.

டானிக் சோல்ஃபா எழுத்துகளை (சுரத்தை d, r, m என்று எழுத்தால் குறிப்பவை) ஸ்டாஃபுக்கு மேலே வைக்கிறவர்கள் அவற்றையும் ஸ்டாஃப் டெக்ஸ்டாக ஒவ்வொன்றாக அடித்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு முழு நாள் போய்விடும். அதையும் ஒரு லிரிக்ஸ் வரியாகவே அடியுங்கள். நோட்டுக்கு ஓர் எழுத்து, தானாக நேராக நிற்கும். பிறகு அந்த வரி முழுவதையும் தேர்ந்து எக்ஸ் தட்டி மேலே ஏற்றுங்கள். நீட்டலுக்குப் போடும் கோட்டைத் தட்டினால் கர்சர் நகர்ந்துவிடும் அல்லவா? வேர்டில் தொல்லை கொடுத்த அந்த நீளக் கோட்டை இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள். அது பிரிக்காது, அப்படியே நிற்கும்.

வீட்டில் சரியாக இருந்தது, ஜெராக்ஸ் கடையில் கட்டம் கட்டமாக வந்தது

இது எனக்கே நடந்தது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, மழையில் நனைந்துகொண்டு போய் பென் டிரைவைக் கொடுத்தேன். என் மியூஸ்கோர் கோப்பைத் திறந்த அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை. வார்த்தை இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம், சில இடங்களில் வேறு எழுத்துரு நுழைந்து வரி முறிந்து மூன்று பக்கம் நாலாகிவிட்டது. நாற்பது பேருக்கு அன்று வார்த்தையில்லாத தாள்தான்.

மியூஸ்கோர் கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டும்தான் வைத்திருக்கும், எழுத்துருவை அல்ல. பழைய கணினியில் லதாவில் அடித்ததை விண்டோஸ் 10, 11-இல் திறந்தாலும் இதே சிக்கல். லதா அவற்றில் தானாக வருவதில்லை, தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பக் கூறாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சுக்குக் கொண்டுபோவது எப்போதும் பிடிஎஃப் ஆக இருக்கட்டும். ஃபைல் → எக்ஸ்போர்ட் கொடுத்தால் எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும். அந்தப் பிடிஎஃபை ஒருமுறை உங்கள் போனில் திறந்து, "ஸ்தோத்", "றிஸ்", "கூ" வரும் இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் மற்ற இடமும் சரியாக இருக்கும். கடையில் அச்செடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்பதை விட்டு அசல் அளவில் ஏ4 எடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு தாள். அதைக் கையில் வாங்கி முதல் சரணத்தை மனசுக்குள் பாடிப் பார்த்துவிட்டு மீதி முப்பத்தொன்பதுக்குச் சொல்லுங்கள்.